எங்கள் அக்வாவுக்குப் பெட்டரி மாற்றிய கதை

கொஞ்சம் நீளமான பதிவு. ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்களும் வாங்க நினைப்பவர்களும் பொறுமையாக வாசியுங்கள். மற்றவர்கள் வாசித்தாலும் நட்டமில்லை.

2024 ஜனவரியில் உம்மாவைக் கண்டிக்குக் கண் கிளினிக் கூட்டிப் போனோம். அக்கரைப்பற்றில் இருந்து சுபஹுக்கு முன்பே வெளிக்கிட்டு, அம்பாறை, மஹாஓயா, பதியத்தலாவை எல்லாம் தாண்டி, மஹியங்கனையில் தேநீர் குடித்துவிட்டு 18 வளைவு ஏறத் தொடங்கினோம். பாதி ஏறியிருப்போம். டேஷ்போர்டில் சிவப்பு முக்கோணம் எரிந்தது. பக்கத்தில் ஜப்பான் எழுத்தில் ஏதோ வந்தது. இன்ஜின் கத்துகிறது, கார் இழுக்கவில்லை. பின்னால் ஒரு லொறி ஹோர்ன் அடிக்கிறது.

"என்ன மனே, கார் அழுகுது?" என்று உம்மா பின் சீற்றில் இருந்து கேட்டா.

ஓரமாக நிறுத்தி, ஓஃப் பண்ணி, பத்து நிமிடம் ஆறவிட்டு, ஸலவாத்துச் சொல்லிக்கொண்டே மெதுவாக ஏறினோம். கிளினிக்குக்குப் போய்ச் சேர்ந்தோம், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அன்று தொடக்கம் அந்த முக்கோணம் எங்கள் வீட்டில் ஓர் ஆள் போல ஆகிவிட்டது.

எங்கள் கார் 2013 அக்வா. 2018இல் வேறு ஊரில் ஒரு வாகன விற்பனை நிலையத்தில் எடுத்தது. நாங்கள் இருவரும் ஆசிரியர்கள். ஒருவர் விஞ்ஞானம், மற்றவர் இஸ்லாம். பாடசாலை பொத்துவில் பக்கம். திருக்கோவில், கோமாரி என்று ஒவ்வொரு நாளும் போய்வர வேண்டும். பஸ்ஸில் போனால் முதல் பாடத்துக்குப் பிள்ளைகள்தான் எங்களைக் காத்திருப்பார்கள். அதனால் கார் எங்களுக்கு ஆடம்பரமில்லை.

பலர் நினைப்பது போல ஹைபிரிட் பெட்டரி பெற்றோலை மிச்சம் பிடிப்பதற்கு மட்டும் உள்ள பொருளல்ல. அக்வாவில் ஸ்டார்ட்டர் மோட்டார் என்று தனியாக ஒன்று கிடையாது. இன்ஜினை உயிர்ப்பிப்பதே அந்தப் பெரிய பெட்டரிதான். அது செத்தால் டேங்க் நிறையப் பெற்றோல் இருந்தாலும் கார் அசையாது. அந்தப் பெட்டரி 20 மொடியூல்களை வரிசையாக இணைத்தது. ஒவ்வொன்றும் 7.2 வோல்ட், மொத்தம் 144 வோல்ட். உள்ளே இருப்பது நிக்கல் மெற்றல் ஹைட்ரைட். முழுவதும் சார்ஜ் ஆனாலும் அதில் இருக்கும் சக்தி, கரண்ட் பில்லில் வரும் ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. அவ்வளவுதான். அதை நாளுக்கு நூறு தடவை நிரப்பி நூறு தடவை எடுக்கிறது கார்.

முதலில் ஊரிலேயே ஒரு பாஸிடம் காட்டினோம். ஸ்கேனரைப் போட்டார். பி0ஏ80 என்று கோட் வந்தது. "பெட்டரிதான் சேர். ரெண்டு மொடியூல் படுத்திட்டு. அத மாத்தினாச் சரி" என்றார். புதுப் பெட்டரி விலையைக் கேட்டோம். எங்கள் இருவரின் மூன்று மாதச் சம்பளத்தை அப்படியே வைத்தாலும் காணாது. மொடியூல் இரண்டுக்கு அதில் ஒரு துண்டு காசு. யோசிக்க என்ன இருக்கிறது? மாற்றினோம்.

அந்தப் பாஸைக் குறை சொல்லவில்லை. தெரிந்ததைச் செய்தார். குறை எங்களில். எட்டாம் வகுப்புக்குத் தொடரிணைப்பு படிப்பிக்கும்போது, டோர்ச்சில் பழைய பெட்டரிக் கல்லோடு புதியதைக் கலக்காதீர்கள் என்று வருடா வருடம் சொல்கிறவர் வீட்டில்தான் இது நடந்தது. பதினெட்டுக் கிழவர்கள் இழுக்கும் தேரில் இரண்டு வாலிபர்களைக் கட்டினால் என்ன ஆகும்? தேர் போவது கிழவர்களின் வேகத்தில்தான். ஜூலையில் முக்கோணம் திரும்பி வந்தது. இந்த முறை செத்தது வேறு மொடியூல்.

அப்போது ஒரு புரோக்கர் வந்தார். வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நின்றதில் இருந்து பழைய கார்களின் விலை எங்கேயோ போய்விட்டது உங்களுக்குத் தெரியும். நாங்கள் வாங்கிய விலையை விட நல்ல கூடுதலாகச் சொன்னார். "அடுத்த வருசம் இறக்குமதி தொறக்கப் போறாங்க சேர். அதுக்குள்ள தள்ளி உட்டுருங்க. கோட அழிச்சா ஒரு கிழமைக்கு லைட் வராது. பாக்க வாறவங்களுக்கு ஒரு ரவுண்டு குடுத்தாப் போதும்."

சிரித்துவிட்டு அனுப்பினோம். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும், அந்தப் பேச்சை நாங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டோம். இரவில் கல்குலேட்டரை எடுத்து, அந்த விலையில் விற்றால் எவ்வளவு மிஞ்சும், அதற்கு எந்தச் சின்னக் கார் எடுக்கலாம் என்று கணக்குப் பார்த்தோம். கோட் அழிப்பது பற்றி இருவருமே வாயால் சொல்லவில்லை. சொல்லாமலே கணக்கில் அது இருந்தது.

இரண்டாம் நாள், எங்களிடம் படித்த ஒரு தம்பி வந்தார். இப்போது அவரும் ஆசிரியர், கல்யாணம் முடித்துக் கொஞ்ச நாள். நாங்கள் விற்கப் போவதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"சேர், டீச்சர், நீங்க பாவிச்ச காரெண்டா கண்ண மூடிட்டு எடுக்கலாம். வெளியில யாருக்கும் குடுத்துராதீங்க."

தேநீர் கொடுத்தோம். யோசித்துச் சொல்கிறோம் என்றோம். அவர் காரைச் சுற்றிப் பார்த்தார், போனட்டைத் திறக்கக்கூட இல்லை. போய்விட்டார்.

அதற்குப் பிறகு இரண்டு நாள் நாங்கள் அவருக்குப் பதில் சொல்லவில்லை. ஈரமான தானியத்தை அடியில் வைத்து விற்ற வியாபாரியின் ஹதீஸ் எல்லாருக்கும் தெரியும். நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்த சம்பவம். அதை எங்களில் ஒருவர் வகுப்பில் எத்தனையோ தடவை படிப்பித்திருக்கிறார். மனப்பாடமில்லாதவர்களை எழுப்பி நிற்கவும் வைத்திருக்கிறார். அந்தத் தம்பியும் ஒரு நாள் நின்றவர். இது நினைவுக்கு வந்தும் இரண்டு நாள் போனது என்பதை மறைக்காமல் எழுதுகிறோம். காசு அப்படிப்பட்டது.

மூன்றாம் நாள் மஃரிபுக்குப் பிறகு போன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னோம். கோட், மாற்றிய மொடியூல், திரும்பி வந்த முக்கோணம். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அப்ப வேணாம் சேர். எனக்குப் பெட்டரி மாத்துற அளவுக்கு வசதியில்ல" என்றார். நன்றியும் சொல்லவில்லை, கோபமும் படவில்லை. நியாயம்தானே.

பிறகு மாற்றுவதே வழி என்று முடிவாயிற்று. காசுக்கு எங்கள் ஸ்டாஃப்ரூம் சீட்டுத்தான். எங்கள் முறை இன்னும் ஐந்து மாதம் கழித்து இருந்தது. ஒரு டீச்சர் தன் முறையை எங்களுக்குத் தந்து, எங்கள் முறையை எடுத்துக்கொண்டா. மிச்சத்துக்கு இரண்டு காப்பு. (காப்பு போனது பற்றி அதிகம் எழுத வேண்டாம் என்று வீட்டில் உத்தரவு.)

ரீகண்டிஷன் பெட்டரி பாதி விலைக்கும் குறைவாகக் கிடைத்தது. ஒரு வருட வாரண்டி என்றார்கள். பில்லை வாங்கி வாசித்தால், பழுதானால் "மொடியூல் மாற்றித் தரப்படும்" என்று இருந்தது. அந்தத் தேரை நாங்கள் ஏற்கனவே இழுத்துப் பார்த்துவிட்டோம். புதியதையே எடுத்தோம்.

மாற்றியது கல்முனைப் பக்கம் ஹைபிரிட் வேலை மட்டும் செய்யும் ஒரு கராஜில். பக்கத்தில் நின்று பார்த்தோம். பாஸ் முதலில் சின்னப் பெட்டரியின் வயரைக் கழற்றினார். பிறகு ரப்பர் கையுறை போட்டு, செம்மஞ்சள் நிறத்தில் இருந்த சேர்விஸ் பிளக்கை இழுத்து எடுத்துத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். வேறு யாரும் தெரியாமல் அதைத் திரும்பச் சொருகிவிடாமல் இருக்கவாம். பத்து நிமிடம் எதையும் தொடவில்லை. கெப்பாசிட்டர்களில் நிற்கும் கரண்ட் இறங்க வேண்டும். செம்மஞ்சள் வயர் எல்லாம் ஆளைக் கொல்லும் வயர். வீட்டில் யூடியூப் பார்த்துச் செய்ய நினைக்கும் தம்பிமார் இந்தப் பந்தியை இரண்டு தரம் வாசியுங்கள்.

பின் சீற்றைக் கழற்றியதும் பாஸ் எங்களைக் கூப்பிட்டார். சீற்றுக்குக் கீழே பெட்டரிக்குக் காற்று போகும் வாசல் இருக்கிறது. அந்த வாசலும் உள்ளே இருக்கும் ஃபேனும் தூசி, முடி, நூல் எல்லாம் சேர்ந்து பஞ்சுத் தலையணை மாதிரி இருந்தது. கோமாரி மணல் கொஞ்சம், பிள்ளைகளின் டொபி உறை ஒன்று. போதாததற்குச் சாமான் பைகளை நாங்கள் எப்போதும் வைப்பது அந்த வாசலை அடைத்துத்தான். பெட்டரி சாகிறது என்று அழுதோம். மூக்கைப் பொத்தியது நாங்களே. வெப்பம் கூடினால் நடுவில் இருக்கும் மொடியூல்கள்தான் முதலில் போகுமாம். 2022 பெற்றோல் வரிசையில் இன்ஜினைப் போடாமல் பெட்டரியிலேயே உருட்டி உருட்டிப் போனதும், பிறகு கிழமைக்கணக்கில் காரைச் சும்மா நிறுத்தி வைத்ததும் நல்லதில்லை என்றார். அந்த நேரம் அதைக் கெட்டித்தனம் என்று நினைத்தோம்.

பழைய பெட்டரியின் மூடியைத் திறந்து காட்டினார். செப்புத் தகடுகளில் பச்சைப் பாசி மாதிரிப் பிடித்திருந்தது.

"சேர், இந்த ரெண்டும் உங்கட ஆள் போட்டது. தெரியிது. அப்ப இந்த மூணும்?"

மூன்று மொடியூல்களில் கறுப்பு மார்க்கரால் இலக்கம் எழுதியிருந்தது. மை மங்கிப் போயிருந்தது. "இது கன காலத்துக்கு முந்திப் போட்டது. நீங்க எடுக்கக்குள்ளயே இது தொறந்த பெட்டரிதான்."

2018இல் எங்களுக்கு அந்தக் காரை ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டினார்கள். லைட் ஒன்றும் எரியவில்லை.

புதுப் பெட்டரி போட்டு மூன்று மணித்தியாலத்தில் வேலை முடிந்தது. அதற்குப் பிறகு ஒரு தடவை உம்மாவோடு 18 வளைவு ஏறினோம். முக்கோணம் இல்லை. இப்போது இரண்டு மாதத்துக்கு ஒருக்கா அந்தக் காற்று வாசலைச் சின்னத் தூரிகையால் துடைக்கிறோம். பைகள் டிக்கியில்.

அந்தத் தம்பி போன மாதம் போன் பண்ணினார். வேறொரு அக்வா பார்த்திருக்கிறாராம். "சேர், பின் சீற்றக் கழட்டிப் பாக்கணும். டீச்சரையும் கூட்டிட்டு வாறீங்களா?" ஜும்ஆ முடிந்து டோர்ச் ஒன்றோடு போனோம். விற்பவருக்கு முதலில் விருப்பமில்லை. பிறகு சரி என்றார். காற்று வாசல் சுத்தமாக இருந்தது. பெட்டரி மூடியின் ஆணிகளில் மட்டும் சாவி பட்ட கீறல் தெரிந்தது. என்னவென்று கேட்டோம். அவர் கொஞ்ச நேரம் நிலத்தைப் பார்த்துவிட்டு, "ரெண்டு மொடியூல் மாத்தினது" என்றார்.

தம்பி கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, விலையை முதலில் இருந்து பேசத் தொடங்கினார்.