அறுபது படி, ஒரு பென்சில்

சுவாமிமலையில் தரிசனம் முடித்து இறங்கி வருகிறவர் யாரையாவது மடக்கி, "சார், சந்நிதிக்கு எதிரே என்ன வாகனம் நிக்குது?" என்று கேட்டுப் பாருங்கள்.

"இதென்ன கேள்வி? முருகன்னா மயில்தான்!"

அங்கே நிற்பது யானை! கியூவில் கால் கடுக்க நின்று, அந்த யானையைத் தாண்டித்தான் போயிருக்கிறார். கண் திறந்துதான் இருந்தது. மனசுதான் ஏற்கெனவே வைத்திருந்த மயிலையே பார்த்துவிட்டு வந்துவிட்டது.

இந்த வியாதிக்கு எனக்குத் தெரிந்த மருந்து, சட்டைப் பையில் அடங்குகிற ஒரு கோடு போடாத நோட்டும் பென்சிலும். பார்க்கிறதை வரைகிறது, பார்த்ததை ஞாபகத்திலிருந்து வரைகிறது. அவ்வளவுதான். இதற்குச் சுவாமிமலையை விடத் தோதான ஊர் கிடையாது. கும்பகோணத்தில் பஸ் ஏறினால் அரை மணிக்குள் வந்துவிடலாம். அரசு கவின் கலைக் கல்லூரி இருப்பதும் இதே சாலையில்தான்.

கும்பகோணம் ஓவியப் பள்ளி என்றால் கோபுலு ஞாபகம் வராமல் போகுமா? 1924-ல் தஞ்சாவூரில் பிறந்து, அங்கே படித்தவர். 1941-ல் விகடன் தீபாவளி மலருக்காக, தியாகராஜர் பூஜித்த ராமர் பட்டாபிஷேகப் படத்தைத் திருவையாறுக்கே போய் வரைந்து வரச் சொன்னார் மாலி. அப்போது கோபுலுவுக்கு வயசு பதினேழு! பின்னாளில் 'தில்லானா மோகனாம்பா'ளுக்கு அவர் போட்ட நாயனக்காரர்களைப் பாருங்கள். உப்பிய கன்னம், தோள் துண்டு... ஊர் ஊராகப் பார்த்து மனசில் சேர்த்து வைத்த சரக்கு அது. வயசான காலத்தில் பக்கவாதத்தால் வலது கை முடங்கியபோது இடது கையால் வரைந்தார் மனுஷர். கை போனாலும் கண் போகவில்லையே!

சுவாமிமலை கட்டுமலை. மொத்தம் அறுபது படிகள், அறுபது தமிழ் வருஷங்களுக்குக் கணக்கு. படி ஓரமாக உட்காருங்கள். மூட்டுவலி மாமி படியேறும்போது எந்தக் கை முழங்காலில், எந்தக் கை கைப்பிடியில்? ரெண்டு நிமிஷம் பாருங்கள். அப்புறம் முதுகைத் திருப்பிக்கொண்டு வரையுங்கள். கோடு எங்கே திணறுகிறதோ, அங்கே நீங்கள் பார்க்கவில்லை என்று அர்த்தம். அடுத்த மாமி வருவார், கவலை வேண்டாம்.

செல்போனில் எடுத்தால் போச்சு என்பீர்கள். 2022 டிசம்பரில் ஐகோர்ட் மதுரைக் கிளை, கோயில்களுக்குள் செல்போனைத் தடை செய்யச் சொல்லிவிட்டது. உள்ளே ஞாபகம்தான் கேமரா.

ஸ்தபதிகளின் பட்டறைக்கும் ஒரு நடை போங்கள். எதிரே மாடல் யாரும் நிற்பதில்லை. தென்னை ஓலை நறுக்கை மடித்து மடித்து அளவு எடுத்துக்கொண்டு, மெழுகில் விரல் விரலாக உருவம் பிடிக்கிறார்கள். அந்த மெழுகைக் காவிரி வண்டல் மண்ணால் மூடி, சுட்டு, உருக்கி வெளியேற்றி, உலோகம் ஊற்றுகிறார்கள். அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க முடியும். அடுத்த சிலைக்கு மறுபடி மெழுகிலிருந்து ஆரம்பம்! அளவு ஓலையில் இருக்கிறது; அந்த மெல்லிய சிரிப்பு மட்டும் கையின் ஞாபகத்தில்.

நமக்கு நடராஜர் வேண்டாம் சார். வீட்டிலிருந்து ஆரம்பிக்கலாம். என் நண்பர் ஒருவர், பாங்க் வேலை. போன வருஷம் அப்பா தவறிப் போனார். போனில் முந்நூறு போட்டோ இருக்கிறது. எல்லாவற்றிலும் அப்பா கேமராவைப் பார்த்து விறைப்பாக நிற்கிறார். "காலையில திண்ணையில உக்காந்து பேப்பர் படிப்பாருடா. கண்ணாடியை மூக்கு நுனியில விட்டிருப்பாரா, நெத்தியில ஏத்தியிருப்பாரா... வரலைடா!" என்றார். முப்பது வருஷம் தினம் பார்த்த காட்சி. அதற்கு அப்புறம் அவர் பேச்சை மாற்றிவிட்டார்.

அன்று இரவே அம்மா வெற்றிலை மடிக்கிறதை வரைய உட்கார்ந்தேன். காம்பைக் கிள்ளி, முதுகில் சுண்ணாம்பு தடவி... நாலு பக்கம் ஓடியது. "தூங்காம என்னடா பண்றே?" என்று அதட்டல் வேறு.

சுவாமிமலை அடிவாரத்துப் பூக்காரப் பாட்டியையும் போட்டேன். நோட்டை வாங்கித் தூரத்தில் பிடித்து, கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கூடை நல்லா வந்திருக்கு தம்பி. என்னை மட்டும் எதுக்கு இவ்வளவு கிழவியா போட்டிருக்கே?"

அரை முழம் மல்லி கொசுறு கொடுத்து, அடுத்த வாட்டி சரியாப் போடச் சொல்லியிருக்கிறார்.