ஓ, யூ, ஜி, எச்

ஆங்கிலத்தில் ஓ, யூ, ஜி, எச் என்ற நான்கு எழுத்துகளும் இதே வரிசையில் வரும் சொற்களைத் தேடிப் பாருங்கள். தேடுவது சுலபம். டஃப், ரஃப், இனஃப், காஃப், தோ, டோ, த்ரூ, பவ், ப்ளவ், பாட், தாட் என்று ஒரு நிமிடத்தில் பத்துக்கு மேல் சேர்ந்துவிடும். சேர்த்ததை வாய்விட்டு வாசிக்கும்போதுதான் சிக்கல். எழுத்துகள் நான்கும் மாறாமல் இருக்க, சத்தம் மட்டும் ஆளுக்கொரு பக்கம் போகிறது. விக்கலைக் குறிக்கும் ஹிக்கப் என்ற சொல்லையும் இந்த நான்கைப் போட்டு எழுதுவது உண்டு. அங்கே அது 'அப்'.

தமிழிலும் ஓர் எழுத்துக்குப் பல ஒலி உண்டு. 'கல்'லில் வரும் ககரம் வேறு, 'பகல்' வேறு, 'பங்கு' வேறு. ஆனால் எழுத்து எங்கே நிற்கிறது, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தால் ஒலி தெரிந்துவிடும். ஆங்கிலத்தின் இந்த நால்வரிடம் அந்தத் தடயமும் கிடையாது.

காரணம் பழையது. ஜியும் எச்சும் சேர்ந்து ஒருகாலத்தில் தொண்டையில் உரசிவரும் ஒரு சத்தத்தைக் குறித்தன, ஏறக்குறைய நம் ஆய்தம்போல. மகளைக் குறிக்கும் ஜெர்மானியச் சொல்லில் அந்த உரசல் இன்றும் கேட்கும். ஆங்கிலேயர்கள் 'டாட்டர்' என்பதில் எழுத்தை வைத்துக்கொண்டு சத்தத்தை விட்டுவிட்டார்கள். சில சொற்களில் அது 'ஃப்' ஆனது, சிலவற்றில் அடையாளமில்லாமல் போனது. 1476இல் வில்லியம் காக்ஸ்டன் இங்கிலாந்தில் அச்சகம் வைத்தார். அதற்குப் பிறகு அச்சு எழுத்துக்கூட்டலை மெல்ல மெல்ல உறையவைத்தது. வாய் தன் போக்கில் மாறிக்கொண்டே இருந்தது.

இதெல்லாம் எனக்குப் புத்தக அறிவாக மட்டுமே இருந்தது, ஆட்டையாம்பட்டியில் அக்கா வீட்டுத் திண்ணையில் உட்காரும்வரை. சேலத்துக்குத் தெற்கே இருக்கும் இந்த ஊரின் பேரைச் சொன்னால் கைமுறுக்கு நினைவுக்கு வரும். அக்கா முறுக்குச் சுற்றுகிறவள். மாவைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் முறுக்கி, துணியின் மேல் சுற்றுச் சுற்றாக வைத்துக்கொண்டே போவாள். எட்டாவது வரை தமிழில் படித்தவள். மகளை ஆங்கில வழியில் போட்டிருக்கிறாள். பாப்பா இப்போது ஆறாவது. அன்று வீட்டுப்பாடம்: இந்த நான்கு எழுத்துகள் வரும் சொற்கள் இருபது. மறுநாள் டிக்டேஷன்.

பாப்பா எழுத்தெழுத்தாகச் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். அக்கா எட்டிப் பார்த்து ஏதோ கேட்டாள்.

"உனக்குத் தெரியாதும்மா, விடு."

குழந்தை கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும் என்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள். அக்காவின் கை ஒரு கணம் நின்று, மறுபடியும் சுற்ற ஆரம்பித்தது. முதல் தலைமுறையாக ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளை இருக்கிற வீடுகளில் இந்த வாக்கியம் ஏதோ ஒரு நாள் வந்தே தீரும். ஃபீஸ் கட்டுகிறவளுக்கு அந்தப் படிப்புக்குள் இடமில்லை என்று பொருள்.

கொஞ்ச நேரம் கழித்து அக்கா என்னைப் பார்த்து, "தம்பி, அதையெல்லாம் தமிழ் எழுத்துல எழுதிக் காட்டு, எப்படிச் சொல்றதுன்னு மட்டும்" என்றாள். நாள்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதினேன். மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து படித்தாள்.

"டஃப்பு, ரஃப்பு, இனஃப்பு ஒரு கூட்டம். பாட்டு, தாட்டு ஒரு கூட்டம். தோ, டோ. பவ், ப்ளவ். இந்த த்ரூ மட்டும் தனியா நிக்குது."

நான் கல்லூரியில் தமிழ் நடத்துகிறவன். அவள் செய்ததற்கு எங்கள் பாடத்தில் முன்னோடி உண்டு. வீரமாமுனிவர் 1732இல் முடித்த சதுரகராதியின் நான்காம் பகுதி தொடையகராதி. செய்யுள் இயற்றுகிறவருக்கு எதுகைச் சொல் அகப்பட வேண்டும் என்பதற்காகச் சொற்களைத் திரட்டி வைத்தது. அதற்கும் முன்னால் சூடாமணி நிகண்டின் பதினொன்றாம் தொகுதியிலேயே சொற்களை எதுகைப்படி அடுக்கியிருக்கிறார்கள். இரண்டாம் எழுத்தைப் பிடித்துக்கொண்டு தேடுகிற வழி அது. எழுத்தும் ஒலியும் நமக்கு ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால், எழுத்தைத் தேடுவதும் ஓசையைத் தேடுவதும் ஒரே வேலை. ஆங்கிலத்தில் அவை இரண்டு வேலைகள். பாப்பாவின் பள்ளி முதல் வேலையை மட்டும் கொடுத்தனுப்பியிருந்தது. அக்கா இரண்டாவதைச் செய்தாள்.

அடுத்து அவள் கேட்டது அர்த்தம். சொல்லச் சொல்ல எனக்கே வியப்பாக இருந்தது. ப்ளவ் என்றால் ஏர். பவ் மரக்கிளை. ட்ராஃப் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் தொட்டி. காஃப் இருமல். ட்ரவுட் வறட்சி. ரஃப் சொரசொரப்பு. இந்த நான்கு எழுத்துகள் லத்தீன், பிரெஞ்சு வழியாக வந்த படித்த சொற்களில் அதிகம் இல்லை. தோட்டத்திலும் தொழுவத்திலும் புழங்கிய பழைய நாட்டுச் சொற்களில்தான் இருக்கின்றன. பட்டியலில் இருந்த எல்லாப் பொருளையும் அக்கா தொட்டுப் புழங்கியிருக்கிறாள். பாப்பா ஏரைப் படத்தில் பார்த்திருக்கிறாள்.

"டோன்னா?"

"பிசைஞ்ச மாவு, அக்கா."

"இதுவா?" என்று உருண்டையைத் தூக்கிக் காட்டினாள். பாப்பா நிமிர்ந்து பார்த்தாள். புத்தகத்தில் அந்தச் சொல்லுக்கு நேரே ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

ஒரு குழந்தைக்கு எழுத்துக்கூட்டல் வேண்டும். டிக்டேஷனில் மதிப்பெண் அதற்குத்தான். அதை அக்காவால் கற்றுத்தர முடியாது. ஆனால் எழுத்து, ஓசை, பொருள் என்ற மூன்றில் இரண்டு அவள் கையில் இருந்தன. ஒன்று மட்டுமே படிப்பு என்று நாம் பழக்கிவிட்டதால், இரண்டு வைத்திருப்பவள் தெரியாதவள் ஆகிவிடுகிறாள். ஆங்கிலம் தெரியாத அம்மாக்களிடம் "வீட்டில் ஆங்கிலத்தில் பேசுங்கள்" என்று சொல்லி அனுப்புகிற ஆசிரியர்கள், "இந்தச் சொற்களுக்குப் பொருள் என்னவென்று அம்மாவிடம் காட்டச் சொல்" என்று பிள்ளைகளிடம் சொல்லலாம். செலவில்லாத காரியம்.

அன்று இரவு பாப்பா கூட்டம் கூட்டமாகத்தான் படித்தாள். அஃப் கூட்டம், ஓ கூட்டம், பாட்டுக் கூட்டம். த்ரூ வந்தபோது நின்றாள்.

"இதுக்கு ஜோடி இல்லையாம்மா?"

"தேடிப் பாரு கண்ணு. எங்கயாச்சும் இருக்கும்."