செல்ஃப் எடுக்கலையா, ஸ்டார்ட் ஆகலையா?

ஆட்டோமொபைல் படிக்கிறவன்னு தெரிஞ்சா போதும், சொந்தக்காரங்க எல்லாரும் வண்டி நின்னதும் நமக்குத்தான் போன் போடுவாங்க. "வண்டி ஸ்டார்ட் ஆகலைடா". நான் திருப்பிக் கேக்கிற கேள்வி ஒண்ணே ஒண்ணுதான்: சாவியைத் திருப்பினா என்ன சத்தம் வருது? நிறைய பேருக்கு இதுக்கே கோபம் வந்துடும். ஆனா பாதி விடை அந்தச் சத்தத்துலதான் இருக்கு.

நம்ம ஊர் மெக்கானிக்குங்க இதை அழகா ரெண்டாப் பிரிச்சு வச்சிருக்காங்க. இஞ்சின் சுத்தவே இல்லைன்னா "செல்ஃப் எடுக்கலை". சுத்துது, ஆனா பத்திக்க மாட்டேங்குதுன்னா "செல்ஃப் அடிக்குது, ஸ்டார்ட் ஆகலை". ரெண்டும் வேற வேற வியாதி. முதலாவது கரெண்ட் சமாச்சாரம். பேட்டரி, கேபிள், ரிலே, செல்ஃப் மோட்டார், அவ்வளவுதான். ரெண்டாவது பெட்ரோல், ஸ்பார்க், காத்து, சென்சார் சமாச்சாரம். இது தெரியாம செலவு பண்றது தலைவலிக்குத் தலையணையை மாத்தின கதை.

(செல்ஃப்ங்கிற பேரு எங்கிருந்து வந்துச்சுன்னா, அதுக்கு முன்னாடி கார் தானா கிளம்பாது. முன்னாடி நின்னு ஹேண்டில் போட்டு சுத்தணும். சார்லஸ் கெட்டரிங் உருவாக்கின மின்சார ஸ்டார்ட்டர் 1912 மாடல் காடிலாக் கார்ல வந்துச்சு. நம்ம ஊர் பழைய அம்பாசடர்ல ஹேண்டில் போட்ட அனுபவம் உங்க தாத்தாக்களுக்கு இருக்கும், கேட்டுப் பாருங்க.)

ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் ரோடு இந்தியாவுலயே கார் அதிகமா செய்யிற இடங்கள்ல ஒண்ணு. இருங்காட்டுக்கோட்டையில ஹூண்டாய் 1998ல சான்ட்ரோவோட ஆரம்பிச்சது. ஒரகடத்துல ரெனோ-நிசான் ஆலை 2010ல திறந்தது. இந்த ஆலைகளையும் சுத்தி இருக்கிற பாகம் செய்யிற கம்பெனிகளையும் ஓட வைக்கிறது ஷிஃப்ட். அந்த ஷிஃப்டுக்கு ஆளுங்களைக் கொண்டுபோய் விடுறது கான்ட்ராக்ட் பஸ்ஸும் காரும். எங்க சித்தப்பா அப்படி ஒரு கார் ஓட்டுறார். சொந்த வண்டி, கடன்ல வாங்கினது. காலையில ஒரு டிரிப் போச்சுன்னா அன்னிக்குக் காசு மட்டும் போகாது. ரெண்டு தடவை லேட்டானா வேற வண்டியைப் போட்டுடுவாங்க.

போன வருஷம் ஐப்பசி மழையில, விடியக்காலை நாலரை மணிக்கு வல்லக்கோட்டை பக்கத்துல ஆளை ஏத்திக்கிட்டு சாவியைத் திருப்பினா 'டக்'னு ஒரே ஒரு சத்தம். அவ்வளவுதான். ஏறின ஆளுங்களே இறங்கித் தள்ளினாங்க, வண்டி கிளம்பிடுச்சு. டிரிப்பை முடிச்சுட்டு ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் போனா, சத்தத்தைக் கேட்டதும் "செல்ஃப் மோட்டார் போச்சுண்ணே, புதுசு போடணும்"னு சொல்லிட்டாங்க. சொன்ன தொகை அவரோட மாசத் தவணையில பாதிக்கு மேல.

ஒரு 'டக்' வந்தா மோட்டார் போயிருக்கலாம், இல்லேங்கலை. ஆனா மோட்டாருக்குக் கரெண்ட் முழுசா போய்ச் சேரலைன்னாலும் அதே 'டக்'தான். சின்னக் காரோட செல்ஃப் கூட இழுக்கும்போது நூறு ஆம்பியருக்கு மேல கேக்கும். வழியில ஒரு இடத்துல துரு இருந்தா போதும், அங்கேயே எல்லாம் தீர்ந்துடும்.

சித்தப்பா வீட்டுக்கு வந்ததும் என் மல்டிமீட்டரை எடுத்துக்கிட்டு இறங்கினேன். நிறுத்தி வச்ச வண்டியில பேட்டரி 12.6 வோல்ட். அதாவது முழு சார்ஜ். ஹெட்லைட்டைப் போட்டுட்டு சாவியைத் திருப்பச் சொன்னேன். லைட் மங்கவே இல்லை. பேட்டரி வீக்கா இருந்தா லைட் அப்படியே படுத்துடும், 'டக டக டக'ன்னு வேகமா அடிக்கும். இங்க ரெண்டும் இல்லை. அடுத்தது முக்கியமான சோதனை. மீட்டரோட ஒரு முனை பேட்டரி நெகட்டிவ்ல, இன்னொரு முனை இஞ்சின் பிளாக்ல. சாவியைத் திருப்பும்போது அரை வோல்ட் கூட காட்டக் கூடாது. மூணு வோல்ட்டுக்கு மேல காட்டுச்சு.

"அப்படின்னா என்னடா?"

"எர்த் சரியில்லை சித்தப்பா. ஜம்ப் கேபிளை எடுங்க."

கேபிளோட ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ்ல மாட்டி, மறு முனையை நேரா இஞ்சின் பிளாக்ல பிடிச்சேன். செல்ஃப் ஒரே அடியில எடுத்துச்சு. கியர்பாக்ஸ்ல இருந்து பாடிக்குப் போற எர்த் பட்டை உள்ளுக்குள்ள பச்சை பூத்து நூல் மாதிரி தொங்குச்சு. புதுசு மாத்தினது ஒரு பிரியாணி விலைதான் :)

அந்த மெக்கானிக் ஏமாத்தினார்னு நான் சொல்ல மாட்டேன். அளந்து பாக்குறதுக்கு யாரும் காசு தர்றதில்லை, பாகத்தை மாத்தினாத்தான் தருவாங்க. புது மோட்டார் போட்டிருந்தாலும் அந்தப் பழைய பட்டைதான் இருந்திருக்கும், மறுபடியும் 'டக்'.

சத்தமே இல்லைன்னா அது வேற ரூட். இப்ப வர்ற நிறைய வண்டியில கிளட்சை முழுசா மிதிக்கலைன்னா செல்ஃப் எடுக்காது. ஆட்டோமேட்டிக்னா லீவர் பார்க்கிங்லயோ நியூட்ரல்லயோ இருக்கணும். ஃப்யூஸ், ரிலே எல்லாம் அதுக்கப்புறம்.

ரெண்டாவது வியாதியைச் சுருக்கமா சொல்லிடறேன். சாவியைப் போட்டதும் பின் சீட்டுக்கு அடியிலயோ டேங்க் பக்கத்துலயோ ரெண்டு நொடி 'ம்ம்'னு பம்ப் சத்தம் வரணும். வரலைன்னா பெட்ரோல் போகலை. செல்ஃப் அடிக்கும்போது ஆர்.பி.எம். முள் கொஞ்சம்கூட அசையலைன்னா கிராங்க் சென்சார் மேல சந்தேகப்படலாம். மீட்டர்ல சாவி படம் மினுக்கினா வண்டிக்குச் சாவியை அடையாளம் தெரியலை, அதான் கதவடைப்பு. இஞ்சின் வழக்கத்தைவிட லேசா, வேகமா சுத்துச்சுன்னா கையை எடுத்துடுங்க, டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம்.

இதெல்லாம் சாவியைத் திருப்பிக் கண்டுபிடிக்கிற விஷயம். சாவியைத் திருப்பவே கூடாத ஒரு கேஸ் இருக்கு, அதை நம்ம பக்கத்து ஆளுங்க மறக்கவே மாட்டாங்க. 2015 டிசம்பர்ல செம்பரம்பாக்கம் திறந்து அடையாறு பெருக்கெடுத்தப்ப, முடிச்சூர், வரதராஜபுரம் தெருவெல்லாம் கார் மூழ்கிக் கிடந்துச்சு. இந்தப் பக்கத்து கார் ஆலைங்களே உற்பத்தியை நிறுத்தின நாட்கள் அது. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்பவும் சென்னையில இதே காட்சி.

தண்ணி வடிஞ்சதும் எல்லாரும் செய்யிற முதல் காரியம், ஓடுதான்னு பாக்குறது. காத்தை அமுக்கலாம், தண்ணியை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள்ள தண்ணி இருக்கும்போது பிஸ்டன் மேல வந்தா கனெக்டிங் ராட் வளையும். செல்ஃப் அடிக்கும்போதே இது நடக்கலாம், அந்த நிலைமையில இஞ்சின் பத்திக்கிச்சுன்னா பிளாக்கே உடையலாம். துடைச்சுக் காய வச்சா பிழைச்சிருக்க வேண்டிய இஞ்சின் அது. இன்ஷூரன்ஸ்காரங்களும் வெள்ளத்துல நனைஞ்சது வேற, நனைஞ்ச பிறகு ஸ்டார்ட் பண்ணிக் கெடுத்தது வேறன்னுதான் பாப்பாங்க. இஞ்சின் பாதுகாப்புன்னு தனியா கூடுதல் பிரீமியம் கட்டலைன்னா சாதாரண பாலிசியில ரெண்டாவதுக்குப் பணம் வர்றது கஷ்டம்.

அதனால தண்ணி ஏறின வண்டின்னா பேட்டரி நெகட்டிவ்வைக் கழட்டுங்க. டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்க, ஆயில் பால் டீ கலர்ல இருந்தா உள்ள தண்ணி போயிருக்கு. நல்லா இருந்தாலும் சாவி போட வேண்டாம். ஆயில்ல வராம சிலிண்டர்ல மட்டும் தண்ணி நிக்கலாம். ஸ்பார்க் பிளக் எல்லாத்தையும் கழட்டிட்டு மெக்கானிக் கையால சுத்தும்போது அந்த ஓட்டை வழியா பீச்சி அடிக்கும் பாருங்க, அதுவரைக்கும் சாவி வீட்டுக்குள்ளயே தொங்கட்டும்.