கணக்கு இல்லாத வேலை

மலர்க் குழு நண்பர்கள் கட்டுரை கேட்டார்கள். எனக்குத் தெரிந்த ஒரே விஷயம் கணக்குக்குப் பயந்து ஓடியதுதான். அதையே எழுதுகிறேன், சிரிக்காமல் படியுங்கள்.

முதலாம் ஆண்டுக் கணக்குத் தாளில் எனக்கு அரியர் விழுந்தது. வீட்டில் அம்மா பீடி சுற்றித்தான் ஃபீஸ் கட்டுகிறாள். 25 பீடி ஒரு கட்டு, 40 கட்டு சேர்ந்தால் ஆயிரம். டி.வி.யைப் பார்த்துக்கொண்டே சுற்றுவாள், ஒரு பீடி கூடாது, குறையாது. அவள் வயிற்றில் பிறந்த எனக்கு எண்ணைக் கண்டால் காய்ச்சல்!

லீவில் மாமா கூப்பிட்டார். "சுரண்டை மார்க்கெட்டுல கமிஷன் கடையில கணக்குப்பிள்ளைக்கு ஒத்தாசையா இருலே." நான் மறுநாளே குற்றாலத்துக்கு பஸ் ஏறிவிட்டேன்.

ஜூன் பிறந்து சாரல் விழுந்தால் குற்றாலத்தில் ஆகஸ்டு வரை வேலைக்குப் பஞ்சமில்லை. ஒரு பழக்கடையில் நின்று, "மங்குஸ்தான், ரம்புட்டான், வாங்க சார்" என்று கத்துகிற வேலை. தொண்டை போதும், மூளை வேண்டாம். பேரருவியில் தண்ணீர் ஆர்ச்சைத் தாண்டி விழுந்தால் குளிக்கத் தடை. அன்றைக்கு வியாபாரமும் இல்லை, சம்பளமும் இல்லை. மலையில் மழை பெய்தால் ஊரெல்லாம் சந்தோஷப்படும், நான் மட்டும் விரலை மடக்கிக்கொண்டு நிற்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முதலாளி சாப்பிடப் போன நேரம். அரைக் கிலோ ஒன்று, முக்கால் கிலோ ஒன்று வாங்கிய ஒருவர் 500 ரூபாய் நோட்டு நீட்டினார். மிச்சத்தைக் கணக்குப் போட்ட பதற்றத்தில் சில்லறையையும் கொடுத்து, அந்த நோட்டையும் சேர்த்துக் கொடுத்து அனுப்பிவிட்டேன். ஒன்றரை நாள் சம்பளம் போச்சு. முதலாளி மேல் குற்றமில்லை.

அடுத்து, சுவரில் எழுத்து எழுதுகிற ஓர் அண்ணாச்சியிடம் சேர்ந்தேன். ஃப்ளெக்ஸ் வந்தபிறகு அந்தத் தொழில் இளைத்துவிட்டது, இருந்தும் மில், செக்குச் சுவர்களுக்கு இன்னும் கூப்பிடுகிறார்கள். எழுத்துதானே, இங்கே எண்ணுக்கு என்ன வேலை என்று தைரியமாக 'செக்கு எண்ணெய்' என்று ஆரம்பித்தேன். 'ய்' மட்டும் சுவர் முக்கைத் தாண்டிச் சந்துக்குள் போய்விட்டது.

அண்ணாச்சி திட்டவில்லை. "ஏலே, சுவர் எத்தனை அடி?"

"பத்தொம்பது அண்ணாச்சி."

"ஓரத்துக்கு ஒவ்வொரு அடி விடு. ஏழு எழுத்து, நடுவுல ஆறு சந்து, சந்துக்கு அரையடி. மிச்சம்?"

சாக்பீஸால் சுவரிலேயே போட்டேன். பதினாலு. ஏழால் வகுத்தால் ரெண்டு அடி.

"வந்துட்டுல்லா! ஆனா 'ணெ'யும் 'ய்'யும் ஒரே அகலமாலே? அங்க குறைச்சு இங்க கூட்டு. மொத்தம் பதினாலைத் தாண்டப்படாது."

எங்கள் வகுப்பில் சமன்பாடு என்று எழுதிப்போட்டது இதுதான் என்று அந்த வெயிலில் எனக்கு உறைத்தது. (எண்ணெயிலும் எண் ஒளிந்திருக்கிறது, கவனித்தீர்களா?) அப்புறம் எட்டுச் சுவர் எழுதினேன், எதுவும் சந்துக்குள் போகவில்லை. ஃபீஸில் பாதி என் காசு.

அரியர் எழுதியாயிற்று. இந்த மலர் அச்சுக்குப் போகும்வரை ரிசல்ட் வரவில்லை. நேற்று ராத்திரி பீடித் தட்டோடு உட்கார்ந்திருந்த அம்மா, "எத்தனை வரும்லே?" என்று கேட்டாள். பாஸ் மார்க் 40. மூன்று தடவை கூட்டிப் பார்த்தேன். இரண்டு தடவை 43 வந்தது, ஒரு தடவை 38.