தில்லி கேட் மைதானம்

ஊரிலிருந்து உறவினர் வந்தால் அவர்களை எங்கே அழைத்துச் செல்வது என்ற வினாவுக்குத் தில்லித் தமிழர் எல்லோரிடமும் ஏறக்குறைய ஒரே விடைதான் உண்டு. காலையில் செங்கோட்டை, நண்பகலில் குதுப்மினார், மாலையில் மலை மந்திர். நாங்களும் பல்லாண்டுகளாக விருந்தினரை இந்த வழியிலேயே நடத்திச் சென்றிருக்கிறோம். தில்லி கேட்டுக்கு அருகில் அம்பேத்கர் அரங்கம் என்று ஒரு கால்பந்து மைதானம் இருப்பதை அறிவோம். அதன் மதிலையொட்டிப் பேருந்தில் நூறு முறையாவது போயிருப்போம். உள்ளே சென்று பார்க்க வேண்டுமென்று ஒரு நாளும் தோன்றியதில்லை. 2023ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 4ஆம் நாள், சனிக்கிழமையன்று, எங்கள் மகனின் பிடிவாதம் அந்தக் குறையைத் தீர்த்துவைத்தது.

அவனுக்கு அப்போது வயது பன்னிரண்டு. தில்லியில் பிறந்து தில்லியில் வளர்ந்தவன். எங்கள் வீட்டில் 'நம் ஊர்' என்றால் அது கும்பகோணத்துக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரைக் குறிக்கும். அவ்வாண்டுக் கோடையில் வேலையை மாற்றிக்கொண்டு அந்தப் பக்கமே திரும்பிவிடலாமா என்று நாங்கள் இருவரும் இரவு நேரங்களில் பேசிக்கொண்டிருந்தோம். பையனிடம் இன்னும் சொல்லவில்லை. அவனோ அந்தக் குளிர்காலம் முழுவதும் வேறொரு கவலையில் மூழ்கியிருந்தான். அவனுடைய கால்பந்துக் கழகம் தோற்றுக்கொண்டே இருந்தது.

அக்கழகத்தின் பெயர் சுதேவா தில்லி. 2014இல் தோன்றி, 2020-21ஆம் ஆண்டுப் பருவத்தில் ஐ-லீக் என்னும் தேசியப் போட்டியில் நுழைந்தது. தில்லியிலிருந்து அப்போட்டிக்குச் சென்ற முதல் கழகம் அதுவே. கொரோனாக் காலமாதலால் அந்தப் பருவத்தின் ஆட்டங்கள் வங்காளத்தில் நடைபெற்றன. 2021ஆம் ஆண்டு சனவரி 9ஆம் நாள் முகமதன் ஸ்போர்ட்டிங் கழகத்தோடு தொடக்க ஆட்டம். வெளிநாட்டவர் ஒருவரும் இல்லாமல், இந்திய இளைஞர்களையே களமிறக்கி, ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் சுதேவா தோற்றது. அன்றே எங்கள் மகன் அதன் பக்கம் சேர்ந்துவிட்டான். வெற்றி பெறும் பக்கம் சேர்வதுதானே பிள்ளைகளின் இயல்பு என்று நாங்கள் வியந்தோம்.

கால்பந்து விவரம் அறியாத அன்பர்களுக்காக ஒரு சொல். நம் நாட்டில் இப்போட்டிகள் மாடிப்படி போல் அமைந்துள்ளன. இந்தியன் சூப்பர் லீக் மேல்மாடி. ஐ-லீக் அப்போது அதற்கு அடுத்த இரண்டாம் அடுக்காக இருந்தது. 2022-23ஆம் பருவத்தில் இரண்டாம் அடுக்கில் பன்னிரண்டு கழகங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் மற்றப் பதினொன்றோடும் இருமுறை, ஆக 22 ஆட்டங்கள் ஆட வேண்டும். முதலிடம் பெறும் கழகம் மேல்மாடிக்கு ஏறும் என்ற விதி அவ்வாண்டில்தான் முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது. கடைசி இரண்டு கழகங்கள் மூன்றாம் அடுக்குக்கு இறங்க வேண்டும். சுதேவா அந்தக் கீழ்ப்படியின் விளிம்பில் நின்றது.

ஆனால் மார்ச்சு 4ஆம் நாள் நாங்கள் பார்க்கச் சென்றது சுதேவாவின் ஆட்டத்தை அன்று. சுதேவா வடதில்லியில், மல்லர்களுக்குப் பேர்போன சத்ரசால் அரங்கில் ஆடிவந்தது. தில்லி கேட்டில் அன்று மோதியவை ஜெய்ப்பூரின் ராஜஸ்தான் யுனைடெட் கழகமும் ரவுண்ட்கிளாஸ் பஞ்சாப் கழகமும். ராஜஸ்தான் கழகம் அப்பருவத்தில் தில்லியைத் தன் சொந்த மைதானமாகக் கொண்டிருந்தது. பஞ்சாப் வென்றால் பட்டம் அதற்கே. "நம்ம ஊரில் சாம்பியன் ஆகப் போகிறார்கள் அப்பா, பார்க்காமல் இருக்கலாமா?" என்றான் மகன். அவன் 'நம்ம ஊர்' என்றது தில்லியை என்பது எங்களுக்குச் சற்றுத் தாமதமாகவே விளங்கிற்று.

மயூர் விகாரில் மெட்ரோ வண்டி ஏறினோம். பக்கத்து வீட்டுக் கர்வால் நாட்டுப் பெரியவரும் உடன் வந்தார். யமுனையைக் கடந்து, மண்டி ஹவுசில் ஊதாத் தடத்துக்கு மாறினால் இரண்டாவது நிலையம் தில்லி கேட். வெளியே வந்ததும் ஷாஜகானாபாத்தின் பழைய கல்வாயில் கண்ணில் பட்டது. ஹோலிப் பண்டிகைக்கு நான்கு நாட்களே இருந்தன. சாலையோரத்து இலவ மரங்கள் இலையின்றிச் சிவப்பாய்ப் பூத்து நின்றன.

நேரம் இருந்தபடியால் அருகிலுள்ள பிரோஸ் ஷா கோட்டத்தின் இடிபாடுகளை எட்டிப் பார்த்தோம். அதன் உச்சியில் நிற்கும் அசோகத் தூண் அவ்விடத்துக்கு உரியதன்று. பதினான்காம் நூற்றாண்டில் சுல்தான் பிரோஸ் ஷா துக்ளக் அதனை அம்பாலாப் பக்கத்துத் தோப்ராவிலிருந்து பெயர்த்துக்கொண்டுவந்தார். தூண் சாயும்போது உடையாமலிருக்க அடியில் இலவம்பஞ்சைக் குவித்ததையும், நாற்பத்திரண்டு சக்கர வண்டியில் ஏற்றியதையும், யமுனையில் படகுகளில் மிதக்கவிட்டதையும் அபீப் என்ற வரலாற்றாசிரியர் எழுதிவைத்திருக்கிறார். "இதுவும் நம்மைப் போல வெளியூர்தான்" என்று மகன் சிரித்தான். சிரித்துவிட்டு, "உங்களைப் போல" என்று திருத்திக்கொண்டான்.

அம்பேத்கர் அரங்கம் பெரியதன்று. ஆயினும் வரலாறு உடையது. நேரு கோப்பையை 2007இலும் 2009இலும் இந்தியா வென்றது இங்கேதான். 2008இல் ஆசிய சேலஞ்சு கோப்பை இறுதியாட்டத்தில் சுனில் சேத்ரி மூன்று கோல் அடித்து, தஜிகிஸ்தானை 4-1 என்ற கணக்கில் வீழ்த்த உதவியதும் இந்தப் புல்லில்தான். 1888இல் சிம்லாவில் தொடங்கிய டூராண்டு கோப்பை 1940இல் தில்லிக்கு வந்து நெடுங்காலம் இந்நகரின் குளிர்காலத் திருவிழாவாக விளங்கிற்று. 2019இல் அது கொல்கத்தாவுக்குப் பெயர்ந்தது.

படிக்கட்டில் அமர்ந்து வேர்க்கடலையை உரித்தவாறே கர்வால் பெரியவர் தம் கதையைச் சொன்னார். மலையைவிட்டுப் பிழைப்புத் தேடி வந்த அவருடைய நாட்டார் 1953இல் தில்லியில் ஒரு கழகம் கண்டார்கள். அதற்குக் கர்வால் ஹீரோஸ் என்று பெயரிட்டார்கள். அது தில்லி லீக்கில் பலமுறை வென்றதோடு தேசிய அளவிலான இரண்டாம் பிரிவுப் போட்டிகளிலும் ஆடியிருக்கிறது. "பகலெல்லாம் அலுவலகத்தில் எவனோ ஒருவனாக இருப்போம். மைதானத்துக்கு வந்தால் எங்கள் மலையின் பெயரை ஊரே கூவும்" என்றார். பிறகு எங்களைப் பார்த்து, "உங்கள் மதராஸ்காரர்கள் மட்டும் என்னவாம்? 1958இல் டூராண்டு கோப்பையைத் தில்லியில் தூக்கிச் சென்றார்களே, என் தந்தை சொல்லச் சொல்லக் கேட்டிருக்கிறேன்" என்றார். நீலகிரி வெல்லிங்டனிலுள்ள மதராஸ் ரெஜிமெண்டல் சென்டர் அணியின் வெற்றியை அவர் குறிப்பிட்டார். தில்லியில் இத்தனை ஆண்டுகள் வாழ்ந்தும் நாங்கள் அறியாத செய்தி அது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

ஆட்டம் தொடங்கிற்று. பஞ்சாப் அணியினர் வெகு வேகம். ஸ்லோவேனியா நாட்டு வீரர் லூக்கா மாய்சன் முன்னணியில் சுழன்றார்; அந்தப் பருவத்தில் மிகுதியான கோல்கள் அடித்து அவரே முதலிடம் பெற்றார். முடிவு 4-0. ஆட்டத்தின் பலத்தால் இரண்டாம் அடுக்கிலிருந்து மேல்மாடிக்கு ஏறிய முதல் கழகம் என்ற பெருமை அன்று பஞ்சாபுக்குக் கிட்டிற்று. வீரர்கள் ஒருவரையொருவர் தழுவிக் குதித்தார்கள். எங்களைச் சுற்றியிருந்தவர்கள் கைதட்டினார்கள்.

எங்கள் மகன் தட்டவில்லை. "இரண்டு பேருமே இந்த ஊர்க்காரர்கள் இல்லை. இந்த ஊர் அணி கீழே போகிறது. யாருக்கும் கவலை இல்லை" என்றான். கண்கள் கலங்கியிருந்தன.

என்ன சொல்லித் தேற்றுவது? கழகங்களும் பிழைப்புத் தேடிப் பெயர்வதுண்டு என்று சொன்னோம். 2014 முதல் தில்லி டைனமோஸ் என்று ஜவாஹர்லால் நேரு அரங்கில் ஆடிய கழகம் 2019இல் புவனேசுவரம் சென்று ஒடிசா கழகமாயிற்று. 2018-19ஆம் பருவத்தில் ஐ-லீக் பட்டம் வென்ற சென்னை சிட்டி கழகத்துக்குப் பெயர்தான் சென்னை. சொந்த மைதானம் கோயம்புத்தூர். அந்தச் சென்னை சிட்டியையும் 2020-21க்குப் பிறகு ஐ-லீக்கில் காணவில்லை.

"அது சரி, பார்க்கிறவர்கள் எங்கே போவார்கள்?" என்று கேட்டான் அவன்.

பெரியவர்தான் விடை சொன்னார். இங்கிலாந்தில் சண்டர்லாந்து என்று ஒரு துறைமுக நகரம். 2018இல் அதன் கழகம் இரண்டாம் அடுக்கில் கடைசியாக நின்று மூன்றாம் அடுக்குக்கு விழுந்தது. அவ்வாண்டு கிறிஸ்துமசுக்கு மறுநாள் அந்த மூன்றாம் அடுக்கு ஆட்டத்தைக் காண வந்தவர்கள் 46,039 பேர். "பார்க்கிறவர்கள் எங்கும் போகமாட்டார்கள், மகனே. அவர்கள் இருக்கும் இடம்தான் ஊர்" என்று அவன் தோளில் தட்டினார். பையன் மூக்கைத் துடைத்துக்கொண்டான். அந்தச் சொல் அவனுக்காகச் சொல்லப்பட்டது, தைத்தது எங்களை.

அப்பருவ முடிவில் சுதேவா மூன்றாம் அடுக்குக்கு இறங்கியது. அதே ஆண்டு, தில்லி எப்.சி. என்ற மற்றொரு கழகம் மூன்றாம் அடுக்கில் வென்று மேலே ஏறிற்று. தன் சொந்த ஆட்டங்கள் பலவற்றை அது பஞ்சாபின் மாஹில்பூரில் ஆடியது. 2024-25இல் அதுவும் இறங்கிவிட்டது. 2022இல் இரண்டாம் அடுக்குக்கு மீண்ட சண்டர்லாந்து, 2025இல் மேல்மாடிக்கே ஏறிற்று. அதே 2025இல் ஐதராபாத்துக் கழகம் ஒன்று தில்லிக்குக் குடிபெயர்ந்து ஸ்போர்ட்டிங் கிளப் தில்லி என்று பெயர் மாற்றிக்கொண்டது. செய்தியைப் படித்துக்காட்டிய எங்கள் மகன், "பாவம், புதிதாக வந்திருக்கிறார்கள், போய்ப் பார்க்க வேண்டும்" என்றான், வாடகைக்கு வந்த புதுக் குடும்பத்தைப் பற்றிப் பேசும் பழைய வீட்டுக்காரனைப் போல.

ஊர் திரும்பும் பேச்சை அந்த மார்ச்சு மாதத்தோடு நாங்கள் நிறுத்திவிட்டோம். அவன் படிப்பு முடியட்டும். பிறகு அவன் வாயால் கேட்டு முடிவு செய்வோம்.

வாசக அன்பர்களே, ஊரிலிருந்து உறவினர் வரும்போது செங்கோட்டையைக் காட்டுங்கள், குதுப்மினாரைக் காட்டுங்கள். ஆட்டம் நடக்கும் நாளாக இருந்தால் தில்லி கேட்டில் இறங்கி அந்தப் படிக்கட்டிலும் சிறிது நேரம் அமருங்கள். வேர்க்கடலை வாங்க மறவாதீர்கள். பிள்ளைகளை உடன் அழைத்துச் செல்லுங்கள். எந்த அணிக்குக் கைதட்டுவது என்பதை அவர்களே சொல்லட்டும்.