அண்ணன் தட்ட, தங்கை பாட

பத்து பாகாட்டில் நேற்று மதியத்திலிருந்து மழை. ஜாலான் ரஹ்மாட் பக்கம் போக வேண்டிய வேலையைத் தள்ளிப் போட்டுவிட்டு, பிரியா ராகுவின் 2021 வெளியீடான 'டேம்ன்ஷீஸ்தமிழ்' முழுவதையும் மறுபடி கேட்டேன்.

தெரியாதவர்களுக்கு: இலங்கையிலிருந்து சுவிட்சர்லாந்துக்குப் புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பம். தங்கை எழுதிப் பாட, அண்ணன் ரோஷான் 'ஜாஃப்னா கோல்ட்' என்ற பெயரில் இசையமைக்கிறார். சிறுவயதில் அப்பா நடத்திய குடும்ப இசைக்குழுவில் அண்ணன் கீபோர்டு, தங்கை பாட்டு. நம்மூர் கல்யாண மண்டபங்களில் பார்க்காத காட்சியா இது? பிறகு பிரியாவுக்கு விமான நிறுவனத்தில் உதிரிபாகங்கள் வாங்கும் வேலை. 2017இல் பாட்டெழுதவே நியூயார்க் போனார்; அண்ணன் சுவிட்சர்லாந்திலேயே இருந்தபடி இசை செய்தார்.

அந்தத் தூரம் பாட்டில் கேட்கிறது என்பது என் கட்சி. உதாரணம், ஃபிஃபா 21 விளையாட்டில்கூட இடம்பிடித்த 'குட் லவ் 2.0'. தாளம் ஆடச் சொல்லும், குரலோ தனியாக உட்கார்ந்திருக்கும். அழுது தீர்க்காத சோகம். நம் சினிமாப் பாட்டென்றால் இந்நேரம் வயலின் கூட்டமே வந்திறங்கியிருக்கும்!

'சிக்கன் லெமன் ரைஸ்' எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. அடையாளத்தைக் கொஞ்சம் உரக்கவே காட்டுகிறது. மாமல்லபுரத்து ஸ்கேட்போர்டு சிறுமியைப் பற்றிய ஆவணப்படத்தால் உந்தப்பட்டு எழுதிய 'கமலி' அப்படியில்லை. மகள் வைத்திருப்பவர்கள் அவசியம் கேட்கட்டும்.

2023இல் வந்த அவருடைய 'சந்தோஷம்' ஆல்பம் பற்றி அடுத்த மழைக்கு எழுதுகிறேன். நம் ஜொகூரில் அண்ணன் தங்கையாகச் சொந்தப் பாட்டு போடுகிறவர்கள் இருந்தால் கீழே சொல்லுங்கள்.