அழிச்சாச்சு... ஆனா போயிடுச்சா?

‘ஷிஃப்ட்’டையும் ‘டெலீட்’டையும் சேர்த்து ஒரு தட்டு தட்டிட்டு, ‘அப்பாடா, தடயமே இல்லை’ன்னு காலரைத் தூக்கி விடுற பார்ட்டியா நீங்க? ஸாரி பாஸ்! உங்க கம்ப்யூட்டர்ல இருக்கறது ஹார்ட் டிஸ்க்னா, அந்த ஃபைல் பெரும்பாலும் உள்ளேயேதான் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும்.

எப்படீங்கன்னு கேக்கறீங்களா? காலேஜ் ஹாஸ்டலை நினைச்சுக்கங்க. ஒருத்தர் ரூமைக் காலி பண்றதா எழுதிக் கொடுத்ததும், கிளார்க் ரெஜிஸ்டர்ல அவர் பேரை அடிச்சுடறார். ஆனா ஆளு? பெட்டி, படுக்கை, கொடியில காயற லுங்கி சகிதம் அதே ரூம்ல குறட்டை விட்டுக்கிட்டு இருக்கார். புது அட்மிஷன் வந்து கதவைத் தட்டினாத்தான் கிளம்புவார். ஹார்ட் டிஸ்க் கதையும் இதேதான். டெலீட் கொடுத்தா, ‘இந்த இடம் காலி’ன்னு ஒரு குறிப்பு மட்டும் விழும். அங்கே வேற ஃபைல் எழுதப்படற வரைக்கும் பழசு பத்திரம். ரெக்கவரி சாஃப்ட்வேர் செய்யறது, ரெஜிஸ்டரை நம்பாம ஒவ்வொரு ரூமாப் போய்க் கதவைத் தட்டற வேலை. ‘குயிக் ஃபார்மட்’ போட்டாலும் மாறாது. நோட்டுதான் புதுசு, ரூமெல்லாம் அப்படியே.

சும்மா அளக்கலைங்க. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஆராய்ச்சி மாணவர்களாக இருந்த சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலட் ரெண்டு பேரும் 158 பழைய ஹார்ட் டிஸ்க்குகளை விலைக்கு வாங்கிக் குடைஞ்சாங்க. படிக்க முடிந்தவை 129. அதில் ஒழுங்காகத் துடைக்கப்பட்டிருந்தவை வெறும் 12! ஏ.டி.எம். மெஷினில் இருந்து வந்த மாதிரி ஒரு டிஸ்க்கும் அதில் அடக்கம். 2003-ல் இதை வெளியிட்டாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு, 2005-ல், விச்சிட்டா நகர போலீஸ் 30 வருஷமாத் தேடின தொடர் கொலைகாரன் டென்னிஸ் ரேடர் ஒரு ஃப்ளாப்பி அனுப்பினான். அதுல அழிச்சு வெச்சிருந்த வேர்ட் ஃபைலைப் போலீஸ் தோண்டி எடுத்தா, ஒரு சர்ச் பேரும் ‘டென்னிஸ்’ங்கற பேரும்! அதோட ஆள் க்ளோஸ்.

அப்போ எதுவுமே அழியாதான்னு பயந்துடாதீங்க. இப்போ வர்ற லேப்டாப்கள்ல இருக்கற எஸ்.எஸ்.டி. வேற ரகம். ‘டிரிம்’னு ஒரு ஏற்பாடு இருக்கு. பேரை அடிச்ச கொஞ்ச நேரத்துலயே வார்டன் வந்து ரூமைக் கழுவி விட்டுடற மாதிரி. மொபைல் இன்னும் ஒரு படி மேல. 2019-ல் வந்த ஆண்ட்ராய்டு 10-ல இருந்து, அதோட விற்பனைக்கு வர்ற புது போன்களில் எல்லாத் தகவலும் பூட்டித்தான் வைக்கப்படணும். ஃபேக்டரி ரீசெட் கொடுத்தா, அந்தப் பூட்டோட சாவியே அழிஞ்சுடும். அதனால காந்திபுரத்துல பழைய போனை விக்கப் போறீங்களா? அக்கவுன்ட்டை லாக் அவுட் பண்ணி, ரீசெட் போட்டு, மறக்காம மெமரி கார்டைக் கழட்டிக்கங்க. பல பேர் கோட்டை விடுறது அந்தக் கார்டுலதான்.

2011-ல் தொடங்கின அரசு விலையில்லா லேப்டாப் இன்னும் உங்க வீட்டுப் பரண்ல தூங்குதா? பழைய இரும்புக்குப் போடறதுக்கு முன்னாடி அந்த ஹார்ட் டிஸ்க்கை ஒரு தடவை முழுசா மேலெழுதினாப் போதும். 35 தடவை எழுதணும்னு 1996-ல் வந்த ஒரு கட்டுரையைக் காட்டி இன்னும் சிலர் பயமுறுத்துவாங்க, கண்டுக்காதீங்க. மேலெழுதப் பொறுமை இல்லையா? ஆவாரம்பாளையத்துல லேத் பட்டறைக்கா பஞ்சம்! டிஸ்க்கு நடுவுல நாலு ஓட்டை போட்டு வாங்கிடுங்க.

இனி கொஞ்சம் சீரியஸா. இதைப் படிக்கற தோழிகளுக்கு முக்கியமா. ‘பாரு, உன் கண்ணு முன்னாடியே அந்த போட்டோவை டெலீட் பண்ணிட்டேன்’னு ஒருத்தன் சொன்னா, அதை நம்ப எந்தக் காரணமும் இல்லை. ஐபோன்ல ‘ரீசன்ட்லி டெலீட்டட்’ல 30 நாள் வரை கிடக்கும். கிளவுட்ல ஒரு காப்பி இருக்கலாம். ஃபிரெண்டுக்கு ஃபார்வர்டு ஆகியிருக்கலாம். கண்ணுக்கு முன்னாடி அழிஞ்சது ஒரே ஒரு ரூம்.

இதோட மறுபக்கம்தான் எனக்கு இன்னும் கவலையா இருக்கு. மிரட்டல் மெசேஜ் வந்ததும், வீட்டுல யாராவது பார்த்துடுவாங்களோன்னு நடுங்கி, முதல் வேலையா சாட்டையே அழிச்சுடறாங்க பாருங்க! போன் புதுசா இருக்க இருக்க, அந்த அழிப்பு நிஜமான அழிப்பா ஆயிடற வாய்ப்பு அதிகம். மிரட்டினவன்கிட்ட காப்பி இருக்கும், உங்ககிட்ட ஆதாரம் இருக்காது. 2019-ல் நம்ம பக்கத்தையே உலுக்கின பொள்ளாச்சி வழக்குல, 2025 மே 13-ம் தேதி கோவை மகளிர் நீதிமன்றம் 9 பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை கொடுத்துச்சே... பாதிக்கப்பட்ட பெண்கள் துணிஞ்சு வந்து சாட்சி சொன்னதோட, மின்னணு ஆதாரங்களும் அந்த வழக்குல முக்கியமா நின்னது.

அதனால மிரட்டல் வந்தா பதில் அனுப்பாதீங்க, பணம் அனுப்பாதீங்க, சாட்டைத் தொடாதீங்க. நம்பர், தேதி, நேரம் எல்லாம் தெரியற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, நம்பிக்கையான ஒருத்தர் போனுக்கும் அனுப்பி வையுங்க. மத்திய அரசோட சைபர் கிரைம் போர்ட்டல்ல பெண்கள், குழந்தைகள் சம்பந்தப்பட்ட புகாரைப் பேர் சொல்லாமலே கொடுக்கலாம். பேர் கொடுத்தா, புகார் எந்த நிலையில இருக்குன்னு நீங்களே பின்தொடர்ந்து பார்க்கலாம்.